நகைச்சுவைப் படத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள பாத்திரம்: எழுதலாமா, எப்படி எழுதுவது?

குறும்படக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முழுக்க நகைச்சுவை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே நான்கு பேர்: ஒரு வக்கீல், ஒரு பாட்டு டீச்சர், கூரியர் கொடுக்க வந்த பையன், அப்புறம் டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் மாற்றத்தால் பிறவியிலேயே வருவது, அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும்) உள்ள ஓர் இளைஞன். அவனுக்கு முரளி என்று பெயர் வைத்திருக்கிறேன். வயது இருபத்தைந்து.

இப்போதுள்ள பிரதியில் சிரிப்பு முழுவதும் முரளியை வைத்துத்தான். தப்பான பட்டனை அழுத்துவான், அபாய மணியை விடாமல் அடிப்பான், வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுப்பான். நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பலரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "முரளி மாதிரி ஒருவர் அரங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அப்படியானால் இவர்கள் நகைச்சுவைப் படத்தில் வரவே கூடாது என்று ஆகிவிடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பிக்கு அக்கா:
முரளியை எடுத்துவிடாதீர்கள். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அவனோடு படத்துக்குப் போவது எனக்குப் பிடிக்கும். ஆனால் சிரிப்புப் படம் என்றால் உள்ளுக்குள் ஒரு பதற்றம் இருந்துகொண்டே இருக்கும். திரையில் யாராவது வாயைக் கோணிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு வந்து நின்றால் போதும், அரங்கமே சிரிக்கும். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தம்பியும் சிரிப்பான். அந்த நேரத்தில் அவன் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வராது.

இதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் அவன்தான். சித்தப்பா போனில் கத்திப் பேசுவதை அப்படியே செய்து காட்டுவான், அதுவும் சித்தப்பா எதிரிலேயே. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவனுக்குத் தெரியும். "இன்னொரு தடவை செய்டா" என்றால் செய்ய மாட்டான். இப்படி ஓர் ஆளை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. படத்தில் வருபவர்கள் ஒன்று கோமாளி, இல்லையென்றால் தெய்வக் குழந்தை. அந்தத் தெய்வக் குழந்தைக்குக் கோபம் வராது, ஆசை வராது, பொய் சொல்லத் தெரியாது. மற்றவர்களின் மனதைத் திருத்திவிட்டுக் கடைசியில் செத்துப்போகும். என் தம்பி நன்றாகப் பொய் சொல்வான். பொறாமைப்படுவான். சண்டை போட்டால் இரண்டு நாள் பேச மாட்டான். கோமாளியைப் பார்த்தால் எனக்கு எவ்வளவு வலிக்கிறதோ, அந்தத் தெய்வக் குழந்தையைப் பார்த்தாலும் அவ்வளவு வலிக்கிறது.

சிரிக்கத் தெரிந்தவன்:
அக்காவின் வலி புரிகிறது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். நகைச்சுவை என்றாலே யாரையாவது கிண்டல் செய்வதுதான். போலீஸ்காரர், அரசியல்வாதி, கணவன், மாமியார், குடிகாரர் என்று யாரையும் நாம் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொருவராக "எங்களைத் தொடாதே" என்று கிளம்பினால் மிஞ்சுவது என்ன? அதோடு ஒருவரை மட்டும் கிண்டலிலிருந்து விலக்கி வைப்பதும் அவரை ஒதுக்குவதுதானே? நான்கு பேர் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், மூன்று பேர் நம்மைச் சிரிக்க வைக்கலாம், நான்காமவரை மட்டும் பொத்திப் பொத்திப் பார்க்க வேண்டும் என்றால் அதில் என்ன சமத்துவம்? இதை மனதாரத்தான் கேட்கிறேன்.

பழைய ரீல்:
நல்ல கேள்வி. சில படங்களை வைத்துப் பேசினால் தெளிவாகும்.

நம் சினிமாவிலிருந்தே தொடங்குகிறேன். 1977இல் வந்த பதினாறு வயதினிலே. சப்பாணியை ஊரே கேலி செய்கிறது, பரட்டையின் கூட்டம் அவனை வைத்துப் பொழுதுபோக்குகிறது. ஆனால் கேமரா அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து சிரிப்பதில்லை. மயில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்: உன் பெயர் கோபாலகிருஷ்ணன், சப்பாணி என்று எவனாவது கூப்பிட்டால் அறைந்துவிடு. அவன் அப்படியே செய்கிறான். அந்த இடத்தில் அரங்கத்தில் எழும் சிரிப்பும் கைதட்டலும் அவன் பக்கம் நின்று எழுபவை. கேலியைக் காட்டுவது வேறு, கேலியில் சேர்ந்துகொள்வது வேறு என்பதை அந்தப் படத்திலேயே பார்க்கலாம்.

ஹாலிவுட்டில் நகைச்சுவைப் படங்கள் எடுக்கும் ஃபாரெல்லி சகோதரர்களின் பாதையைக் கவனியுங்கள். 1998இல் அவர்கள் எடுத்த தேர்ஸ் சம்திங் அபௌட் மேரி படத்தில் கதாநாயகியின் சகோதரன் வாரனுக்கு அறிவுசார் குறைபாடு. காதைத் தொட்டால் அடித்துத் துவைத்துவிடுவான், அதுதான் அவனுக்கான நகைச்சுவை. குறைபாடு இல்லாத ஒரு நடிகர்தான் அதில் நடித்தார். 2005இல் அவர்கள் தயாரித்த தி ரிங்கர் படத்துக்கு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு விளையாட்டுப் போட்டிகள் நடத்தும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பே துணை நின்றது, திரைக்கதையில் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது, 150க்கும் மேற்பட்ட ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வீரர்கள் திரையில் வந்தார்கள். 2023இல் பாபி ஃபாரெல்லி தனியாக இயக்கிய சாம்பியன்ஸ் படத்தில் கூடைப்பந்து அணி வீரர்களாக நடித்தவர்கள் குறைபாடு உள்ள நடிகர்களே. அவர் ஆபாச நகைச்சுவையைக் கைவிட்டுவிடவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. இப்போது அதைச் சொல்பவர்களில் அந்த வீரர்களும் இருக்கிறார்கள்.

சாம்பியன்ஸின் மூலம் ஹவியேர் ஃபெஸ்ஸர் இயக்கி 2018இல் வந்த காம்பியோனெஸ் என்ற ஸ்பானியப் படம். ஸ்பெயினின் கோயா விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. அதையே 2025இல் ஆர்.எஸ். பிரசன்னா இந்தியில் சிதாரே ஜமீன் பர் என்று எடுத்தார். மூன்று படங்களிலும் எனக்கு ஒரே குறை உண்டு. மூன்றுமே பயிற்சியாளரின் கதை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு கோபக்காரர் திருந்துவதற்காக அந்த வீரர்கள் வந்துபோகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலிருந்து கதை தொடங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வகுப்பறை:
சிறப்புக் கல்வி ஆசிரியை நான். சிரிக்கத் தெரிந்தவன் சாரின் கேள்விக்கு என் பதில் இது. அரசியல்வாதியைக் கிண்டல் செய்தால் அவர் அடுத்த மேடையில் பதில் சொல்வார். மாமியார்கள் சேர்ந்து உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், திட்டுவார்கள், அவர்களே எழுதவும் செய்வார்கள். என் மாணவர்களுக்கு அந்த மேடை இன்னும் கிடைக்கவில்லை. மறுநாள் பள்ளி வாசலில், பேருந்தில், அந்தப் படத்தின் வசனத்தை அவர்கள் மேல் எறிவார்கள். ஒரு படம் ஓடி முடிந்த பிறகும் அதில் வந்த பட்டப்பெயர் ஒரு பையனோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களும் உண்டு. அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல. புதியதைக் கற்பதிலும் யோசித்து முடிவெடுப்பதிலும் அன்றாடக் காரியங்களைத் தானே நடத்துவதிலும் சிரமம் இருக்கும், அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது லேசான அளவுதான். கொஞ்சம் துணை இருந்தால் வேலைக்குப் போவார்கள், சம்பளம் வாங்குவார்கள், குடும்பம் நடத்துவார்கள். ஆட்டிசம் வேறு, சிலருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். மூளை முடக்குவாதம் முதன்மையாக உடல் அசைவைப் பாதிப்பது, அது உள்ள பலருக்கு அறிவில் எந்தக் குறையும் இருக்காது. நம் படங்களில் இவை எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குள் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். கை கோணும், பேச்சு திக்கும், கணக்கு மட்டும் மின்னல் வேகத்தில் வரும். அப்படி ஒருவரை நான் சந்தித்ததில்லை.

"உடம்புக்கு இருபத்தைந்து, மனசுக்கு ஐந்து" என்று டாக்டர் பாத்திரம் சொல்லும் வசனத்தை தயவுசெய்து எழுதாதீர்கள். இருபத்தைந்து வருடம் வாழ்ந்த அனுபவம் ஐந்து வயதுக் குழந்தைக்கு இருக்காது. முரளி முகச்சவரம் செய்கிறவன், காதலிக்க விரும்புகிறவன், ஏமாற்றங்களைப் பார்த்தவன்.

இன்னொன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு, தாங்கள் பேசிக் காட்டுவதைவிடக் கூடுதலாகவே பிறர் பேச்சு புரியும். வாய்த் தசைகள் தளர்வாக இருப்பதால் உச்சரிப்பு தெளிவில்லாமல் போகலாம். அதைக் கேட்டுவிட்டு, இவனுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்து அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள். நகைச்சுவைக்கு இதைவிட நல்ல சூழ்நிலை வேறு வேண்டுமா?

சிரிக்கத் தெரிந்தவன்:
டீச்சர் சொன்ன கடைசிப் பத்தி அருமை, அதில் ஒரு படமே இருக்கிறது. ஆனால் என் பயம் இன்னும் போகவில்லை. இப்படி நிபந்தனை கூடக்கூட, இயக்குநர்கள் "எதற்கு வம்பு" என்று அந்தப் பாத்திரத்தையே எழுதாமல் விட்டுவிடுவார்கள். அப்போது யாருக்கு லாபம்?

மேசையில் வெட்டுபவன்:
படத்தொகுப்பு என் தொழில். இந்தப் பேச்சில் பலரும் தொடாத ஒரு இடம் அது. எழுத்தில் மரியாதையாக இருந்த காட்சி எடிட்டிங்கில் கேவலமாக மாறுவதையும், எழுத்தில் சாதாரணமாக இருந்தது எடிட்டிங்கில் நிமிர்ந்து நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

குறும்படக்காரரின் காட்சியையே எடுத்துக்கொள்வோம். முரளி பட்டனை அழுத்துகிறான், லிஃப்ட் நகரவில்லை. இங்கே முரளியின் முகத்துக்கு குளோசப் போட்டு, இரண்டு விநாடி கூடுதலாகப் பிடித்து, பின்னணியில் ஒரு "டொய்ங்" சத்தத்தை வைத்தால் பார்வையாளர் சிரிப்பது அவன் முகத்தைப் பார்த்து. அதுவே வக்கீலும் அதே பட்டனைப் பல தடவை அழுத்திவிட்டு வந்தவர், இப்போது "அதைப் போய் அழுத்துறியே" என்று முரளியைத் திட்டுகிறார் என்று வைத்து, முரளி திரும்பி அவரைப் பார்க்கும் பார்வையில் வெட்டினால், சிரிப்பு வக்கீல் மேல் விழும். முரளி செய்யும் காரியம் இரண்டிலும் ஒன்றுதான். எந்த ரியாக்‌ஷன் ஷாட்டில் வெட்டினோம் என்பது மட்டும் மாறுகிறது.

லென்ஸ். அகலக் கோண லென்ஸை முகத்துக்கு மிக அருகில் வைத்தால் எந்த முகமும் கோணலாகத் தெரியும். மற்ற மூவரையும் ஒரு லென்ஸில் அழகாக எடுத்துவிட்டு முரளியை மட்டும் இப்படி எடுப்பது வேண்டுமென்றே செய்யும் கிண்டல்.

டப்பிங்கை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கோபம் வரும். இப்படிப்பட்ட பாத்திரங்களுக்கு மிமிக்ரி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, குழறலைக் கூட்டிக் கூட்டிப் பேச வைப்பார்கள். நடிகரின் சொந்தக் குரலை நேரடி ஒலிப்பதிவில் எடுங்கள். சில சொற்கள் புரியாது என்று தோன்றினால் எழுத்து வரி போடுங்கள். போடுவதாக இருந்தால் நான்கு பேரின் பேச்சுக்கும் போடுங்கள், அவனுக்கு மட்டும் போட்டால் அதுவே சுட்டிக்காட்டுவதாக ஆகிவிடும்.

இடைவெளி பற்றியும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டதும் பதில் வர சிலருக்கு நேரமாகும். எடிட்டர்கள் அந்த மௌனத்தைப் பயந்துபோய் வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். நகைச்சுவையில் பொன்னான விஷயம் அந்த இடைவெளிதான். பார்ப்பவர் அந்த மூன்று விநாடியில் "இவனுக்குப் புரியவில்லை போல" என்று முடிவு செய்துகொண்டிருப்பார். அப்போது அவன் சொல்லும் ஒரு பதில் அந்த முடிவைக் கவிழ்த்துப்போடும்.

சட்டம் படித்தவள்:
சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "எதற்கு வம்பு" என்ற பயம் தேவையில்லை என்பதற்கு ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. ஆங்க் மிச்சோலி என்ற இந்திப் படத்தை எதிர்த்து, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடும் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்தது. படத்துக்குத் தடை விதிக்கவில்லை. ஆனால் திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவதற்கான வழிகாட்டுதல்களைத் தந்தது. அதில் ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்தார்கள்: குறைபாட்டோடு வாழும் வாழ்க்கையை நமக்குப் புரியவைக்கும் நகைச்சுவை ஒன்று, அவர்களை இழிவுபடுத்தி முடக்கிப்போடும் நகைச்சுவை இன்னொன்று. முதலாவதற்கு இடம் உண்டு என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. கட்டுக்கதைகளை நம்பி எழுதாதீர்கள், மருத்துவத் தகவல்களைச் சரிபாருங்கள், சம்பந்தப்பட்டவர்களோடு கலந்து எழுதுங்கள் என்பவையும் அதில் உண்டு.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் (2006) ஊடகச் சித்திரிப்பைப் பற்றி எட்டாவது பிரிவில் பேசுகிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது, ஆகவே இது ஏதோ ஒரு ஊரின் கவலை இல்லை.

பழைய ரீல்:
இதே வரிசையில் ஒரு தனி வகைக் கதையைப் பற்றியும் பேசியாக வேண்டும்: குறைபாடு இல்லாத ஒருவன் இருப்பதாக நடிக்கும் கதை. தி ரிங்கர் அந்த வகை. பிரான்சில் ஆர்ட்டுஸ் இயக்கி நடித்து 2024இல் வந்த ஒரு நகைச்சுவைப் படமும் அந்த வகைதான். திருடிவிட்டு ஓடும் ஒரு அப்பாவும் மகனும் போலீஸுக்குப் பயந்து, குறைபாடு உள்ள இளைஞர்களின் கோடை முகாமில் ஒளிந்துகொள்வார்கள். பிரான்சில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. அந்த முகாமின் இளைஞர்களாக உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்கள் நடித்தார்கள்.

இந்த வகையில் ஆபத்து அதிகம். நாயகன் "நடித்துக்காட்டும்" காட்சிகளில், மற்ற படங்கள் வெட்கப்பட்டு விட்டுவிட்ட அதே கோணல் நடையும் குழறலும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். தி ரிங்கரில் அதைச் சமாளித்த விதம் எனக்குப் பிடித்தது. உண்மையான வீரர்கள் அவன் போலி என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதற்கப்புறம் கதை அவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

நிஜத்தில் இந்தப் போலித்தனம் எவ்வளவு பெரிய கேட்டைச் செய்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்று பிறகு தெரியவந்தது. தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பிரிவே பாராலிம்பிக்ஸிலிருந்து நீக்கப்பட்டு, 2012இல் லண்டனில்தான் சில விளையாட்டுகளில் மட்டும் திரும்ப வந்தது. ஏமாற்றியவர்கள் வேறு யாரோ, பன்னிரண்டு வருடம் வெளியே நின்றவர்கள் உண்மையான வீரர்கள். போலியாக நடிப்பவனைப் பற்றி நகைச்சுவை எழுதுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பேன்.

மெதுவாகப் படிப்பவன்:
எனக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது. இங்கே எல்லோரும் நீளமாக எழுதுகிறீர்கள். படிக்க நேரம் ஆனது. நண்பர் எழுத்துப்பிழை திருத்தினார். கருத்து என்னுடையது.

எனக்குச் சிரிப்புப் படம் பிடிக்கும். ஓடுவது, துரத்துவது, ஒளிந்துகொள்வது எல்லாம் பிடிக்கும். எங்களைப் பற்றிய படங்கள் அழ வைக்கின்றன. எனக்கு அழப் பிடிக்காது.

நான் வேலை செய்கிறேன். கடைக்குப் போனால் என்னிடம் கேட்க மாட்டார்கள். கூட வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்" என்று கேட்பார்கள். பணம் என் கையில் இருக்கும். அதைப் படத்தில் வையுங்கள். அது உண்மையிலேயே சிரிப்பு. சிலர் என்னிடம் குழந்தையிடம் பேசுவது மாதிரி குரலை மாற்றிப் பேசுவார்கள். நானும் அதே குரலில் பதில் சொல்வேன். அப்போது அவர்கள் முகம் மாறும்.

முரளி ஏன் லிஃப்டில் ஏறினான்? எங்கே போகிறான்? நீங்கள் சொல்லவே இல்லை. மற்ற மூன்று பேருக்கும் வேலை இருக்கிறது. அவனுக்கு என்ன வேலை? அவனுக்குக் காதலி உண்டா?

குறும்படக்காரன்:
உங்கள் கேள்விகளைப் படித்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இப்போது கதை இப்படி இருக்கிறது.

முரளி மேல் மாடியில் உள்ள ஒரு அலுவலகத்தில் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் வேலையில் இருக்கிறான். அன்று மாலை ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறான். அவள் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். லிஃப்ட் நிற்கிறது. வக்கீலின் போனில் சார்ஜ் இல்லை, டீச்சர் போனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார், கூரியர் பையனின் போன் கீழே வண்டியில். சார்ஜ் உள்ள ஒரே போன் முரளியுடையது. அவன் தர மாட்டேன் என்கிறான். "அவ கூப்பிடுவா. லைன் பிஸியா இருக்கக் கூடாது."

வக்கீல் கொஞ்சிப் பார்க்கிறார், குரலை மாற்றி, "கண்ணா, மாமாவுக்குக் குடுப்பியாம்" என்று. மூன்று விநாடி மௌனம். முரளி அதே குரலில், "மாமா சார்ஜ் போட மறந்துட்டாராம்" என்கிறான். டீச்சர் பாட்டுப் பாடி மயக்கப் பார்க்கிறார், அவன் சுருதி சரியில்லை என்கிறான். அவன் எதிரிலேயே மூவரும் போனைப் பிடுங்கத் திட்டம் போடுகிறார்கள், இவனுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போனை வேறு பைக்கு மாற்றிவிடுகிறான்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, கடைசியில் முரளி ஏதாவது யோசனை செய்து எல்லோரையும் காப்பாற்றுவதாக முடிக்கலாமா? இரண்டு, அவனை இப்படிச் சுயநலக்காரனாகக் காட்டினால் தப்பாகப் படுமா?

தம்பிக்கு அக்கா:
படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். தம்பிக்கும் படித்துக் காட்டினேன், "மாமா சார்ஜ் போட மறந்துட்டாராம்" என்பதை இப்போது வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். சுயநலமாகவே இருக்கட்டும். காதலி போனுக்குக் காத்திருக்கும் எந்த இளைஞனும் அப்படித்தான் இருப்பான்.

வகுப்பறை:
காப்பாற்ற வைக்காதீர்கள். அதுவும் தெய்வக் குழந்தையின் இன்னொரு வடிவம்தான். ஏதாவது அற்புதம் செய்தால்தான் அவனுக்கு மரியாதை என்று ஆகிவிடும். மெக்கானிக் வந்து லிஃப்டைத் திறக்கட்டும். முரளி அவசரமாக ஓடட்டும்.

சிரிக்கத் தெரிந்தவன்:
இந்தப் பிரதி பழையதைவிட நன்றாகவே இருக்கிறது, காரணம் இதில் மோதல் இருக்கிறது. என் கட்சியையும் விட்டுவிடவில்லை: முரளி தடுக்கி விழலாமா? வாழைப்பழத்தோல் நகைச்சுவை எல்லோருக்கும் உண்டென்றால் அவனுக்கும் உண்டுதானே?

மேசையில் வெட்டுபவன்:
உண்டு. வக்கீல் விழும் அதே படியில், அதே காரணத்துக்காக அவனும் விழட்டும். யார் வேண்டுமானாலும் விழக்கூடிய இடத்தில் விழுந்தால் அது உடல் நகைச்சுவை. அவனுக்கு நடக்கத் தெரியவில்லை என்பதால் விழுந்தான் என்று எடுத்தால் அதை என் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். நடிகர் சம்மதித்து, ஒத்திகை பார்த்து, பாதுகாப்போடு விழ வேண்டும். சிலருக்கு டவுன் சிண்ட்ரோமோடு கழுத்தெலும்பு மூட்டில் தளர்ச்சி இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் விழும் காட்சிகளை எடுக்கக் கூடாது.

ஒத்திகை அறை:
குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து நடிக்கும் நாடகக் குழு ஒன்றில் ஒத்திகைகளை நடத்துகிறேன். முரளியாக யார் நடிக்கப் போகிறார் என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவரே நடிக்கட்டும். "அவர்களால் முடியுமா" என்ற சந்தேகத்துக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. 1996 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை பிரெஞ்சு நடிகர் டேனியல் ஓத்தேயோடு பகிர்ந்துகொண்ட பாஸ்கல் டுக்கென் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். 1989 முதல் 1993 வரை ஓடிய ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கிறிஸ் பர்க் முக்கியப் பாத்திரமாக இருந்தார். 2019இல் வந்த தி பீனட் பட்டர் ஃபால்கன் ஸாக் காட்ஸகனை மனதில் வைத்தே எழுதப்பட்ட படம்.

இனி நடைமுறை. நடிகர் தேர்வில் கையில் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், வாசிப்பு வேகத்தைத்தான் அது காட்டும். சூழ்நிலையைச் சொல்லி நடித்துக்காட்டச் சொல்லுங்கள். "இந்த போனை நான் கேட்பேன், நீங்கள் தரக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள், யார் உங்கள் முரளி என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரதியைச் சின்ன வாக்கியங்களில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு காட்சியாக எழுதிக் கொடுங்கள். ஒலிப்பதிவாகவும் கொடுங்கள், பலர் கேட்டுத்தான் மனப்பாடம் செய்வார்கள். வசனத்தை அவர் வேறு சொற்களில் சொன்னால் பெரும்பாலும் அதுதான் நன்றாக இருக்கும்.

படப்பிடிப்பில் கால்ஷீட் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இடைவேளை கூடுதலாக விடுங்கள். அவருக்குப் பழக்கமான துணைநபர் ஒருவர் தளத்தில் இருக்கட்டும், ஆனால் இயக்குநர் துணைநபரிடம் பேசாமல் நடிகரிடம் நேராகப் பேச வேண்டும். முடிந்தால் இரண்டு கேமரா வையுங்கள். முதல் டேக்கில் வரும் இயல்பான நேரக்கணக்கு ஆறாவது டேக்கில் வராது, அந்த முதல் டேக்கை எல்லாக் கோணத்திலும் பிடித்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தை எளிய மொழியில் விளக்குங்கள். எந்தக் காட்சியில் மக்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்பதையும் சேர்த்து விளக்குங்கள். ஒரு நாள் கழித்து மறுபடி கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம். குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், சம்மதம் அவருடையது. சம்பளம் மற்ற மூவருக்கும் என்னவோ அதே கணக்கில்.

மெதுவாகப் படிப்பவன்:
புதிய கதை பிடித்திருக்கிறது. அந்தப் பெண் போன் செய்தாளா?

குறும்படக்காரன்:
செய்தாள். லிஃப்ட் திறக்கும் நேரத்தில்தான். அப்போது வக்கீல் முரளியின் போனை ஒருவழியாக வாங்கிப் பேசிக்கொண்டிருக்கிறார், அதனால் முதல் அழைப்பு தவறிவிடுகிறது. முரளி அவரைத் திட்டும் காட்சி இருக்கிறது. அதை முரளியாக நடிப்பவரோடு உட்கார்ந்து எழுதலாம் என்று காலியாக விட்டிருக்கிறேன்.

ஒத்திகை அறை, உங்கள் குழுவில் யாராவது வாசிப்புக்கு வருவார்களா? கதையை முழுதாக அனுப்பட்டுமா?

ஒத்திகை அறை:
மூன்று பேர் ஆர்வமாக இருக்கிறார்கள். காட்சி காட்சியாகப் பிரித்து அனுப்புங்கள், கூடவே உங்கள் குரலில் ஒலிப்பதிவும். அந்தத் திட்டும் காட்சிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள், அதற்குத்தான் மூவரும் இப்போதே போட்டி போடுகிறார்கள்.